தூரத்துக்கான பிளக்

பைசாந்துவில் மழை விட்ட திங்கட்கிழமை
வால்தெமார் பெருத்தி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்.
ஐம்பத்து மூன்றாம் வருட ஹில்மேன். வெளிர்பச்சை,
இடது கதவு மட்டும் வேறொரு பச்சை.
உள்ளே அவர் மனைவி ஸூல்மா,
மடியில் வெந்நீர் பிளாஸ்க், கையில் மாத்தே குடுவை,
தள்ளப்படுகிறோம் என்ற கூச்சமே இல்லாமல்.

"ஸ்டார்ட் ஆகிறது, இருமுகிறது, நின்றுவிடுகிறது."

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்.
இன்ஜினுக்கு அது செல்லாது.
நான்கையும் கழற்ற வேண்டும்,
கழற்றிய வரிசையிலேயே துணியில் வைக்க வேண்டும்.
வரிசை கலைந்தால், யார் எந்த அறையில் குடியிருந்தார்கள் என்று
அப்புறம் ஒருவராலும் சொல்ல முடியாது.

மூன்றாவது ஈரம். மரையிடுக்கில் கறுப்பு ஆயில் தேங்கியிருந்தது.
அது ரிங் தேய்மானம், வயசு,
அதில் ரகசியம் இல்லை.
மற்ற மூன்றும் உலர்ந்த கரி,
அரிக்கேன் சிம்னியின் உட்புறம் போல
தொட்டதும் விரலோடு வந்துவிடும் பட்டுக் கரி.
சூடேறாத இன்ஜினின் கரி.
தெருமுனைக்குப் போய், நின்ற இடத்திலேயே உறுமி,
திரும்பி வந்து அணைந்த வண்டியின் கரி.

"எவ்வளவு தூரம் ஓட்டுவீர்கள்?"
கேட்காமல் பிளக் கொடுக்க முடியாது.
கிட்டத்தில் ஓடுகிறவனுக்குச் சூட்டு பிளக்:
தன் சூட்டைத் தானே வைத்துக்கொண்டு கரியை எரித்துவிடும்.
தூரம் போகிறவனுக்குக் குளிர் பிளக்:
வந்த சூட்டை உடனுக்குடன் கைமாற்றிவிடும்.
மாற்றிப் போட்டால் ஒன்று அடைக்கும்,
மற்றது பிஸ்டனில் ஓட்டை போடும்.

"சால்ட்டோ," என்றார். "ஞாயிறுதோறும். அண்ணன் வீட்டுக்கு."
போக நூற்றிருபது கிலோமீட்டர், வர நூற்றிருபது.
ஸூல்மா ஜன்னல் வழியாகத் தலை நீட்டினாள்:
"பதினோரு வருஷம் பேச்சுவார்த்தை இல்லை.
இப்போது வாராவாரம் ஆரஞ்சு கொடுத்து அனுப்புகிறார்."
பின் சீட்டில் காலிப் பை ஒன்று கிடந்தது.
எங்கள் தெருப் பழக்கடையின் பை.

நான் துணியைப் பார்த்தேன்.
அவரும் பார்த்தார்.
நாற்பது வருடமாக வண்டி வைத்திருக்கிறவர்,
கரி அவருக்கும் படிக்கத் தெரியும்.

"என்ன சொல்கின்றன?" என்றாள் ஸூல்மா.

சோக்கை இழுத்தேன். வழுக்கிக்கொண்டு போய் வந்தது.
மிதவை மட்டம் சரி.
"சோக் ஒட்டிக்கொள்கிறது, பெட்ரோல் அதிகமாகக் குடிக்கிறது," என்றேன்.
அந்தக் கரிக்கு அப்படியும் ஒரு காரணம் உண்டு.
ஒட்டாத சோக்குக்கு
இரண்டு சொட்டு எண்ணெய் விட்டேன்.

அலமாரியில் மேல்தட்டு குளிர், கீழ்த்தட்டு சூடு.
துணியில் கிடந்தவற்றை நம்பினால்
கீழே குனிய வேண்டும்.
ஈரமாயிருந்த மூன்றாவதுக்கு மட்டும் குனிந்தேன்.
மற்றவற்றுக்கு மேலே கை நீட்டினேன்.
வாய் சொன்னதற்கே பிளக்.
இருபத்தைந்து தௌ இடைவெளி, தகடு நுழைத்துப் பார்த்து,
புது வாஷர், முதலில் விரலால் திருகி,
விரல் தோற்ற இடத்தில் ஸ்பேனர்.

"இவை தூரத்துக்கானவை," என்று அவரிடம் மட்டும் சொன்னேன்.
"ஊருக்குள்ளேயே சுற்றினால் ஒரு மாதத்தில் மறுபடி அடைக்கும்."
பணத்தை எண்ணிக் கொடுத்தார்.
கொடுத்ததை வாங்கி இன்னொரு தரம் எண்ணினார்.

ஐந்து வாரம்.
ஹில்மேன் தானாக ஓடி வந்து நின்றது.
பின்னால் கொஞ்சம் நீலப் புகை. அது மூன்றாவது,
அது அப்படித்தான்.
"ஹாரன் அடிக்கவில்லை," என்றார்.
அண்ணனைப் பற்றி அவர் பேசவில்லை,
முகத்திலும் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.
பேனட்டைத் திறக்க முன்பக்கம் போனேன்.

ரேடியேட்டர் வலை முழுக்க விட்டில்கள்.
ஒரு வெட்டுக்கிளி, மஞ்சள் இறக்கை பாதி,
நெடுஞ்சாலை அந்தியில் மட்டுமே
வந்து மோதுகிற சாதி.

ஹாரன் வயரைச் சரிசெய்தேன்.
பிளக் ஸ்பேனர் ஆணியிலேயே தொங்கியது.